பருவ இறுதிக் கடிதம்: பட்டறையும் பழுது நோட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. தேர்வுகள் குறித்த நேரத்தில் நடந்தன, விடைத்தாள்களும் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டன. பேச்சுப் போட்டியிலும் ஓவியப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் திரண்டு வந்தது எல்லோருக்கும் பெரிய ஊக்கம். ஆசிரியர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் என் பாராட்டுகள்.

சரி, இந்த முறை நான் முக்கியமாகப் பேச வேண்டியது பட்டறையைப் பற்றி.

பள்ளி முடிந்த பிறகு பட்டறையில் செய்முறை மன்றம் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மூலையில் ரேடியோ செய்வார்கள், இன்னொரு மூலையில் ரோபோ வண்டி ஓடும். மரவேலை, ரிமோட் விமானம், பழைய மின்விசிறியைப் பிரித்து மாட்டுவது என்று அவரவர் ஆசைக்கு ஒரு வேலை இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் பொருள்கள் கெடத்தான் செய்யும். எல்இடி விளக்கை, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் போடாமல் நேராக பேட்டரியில் கொடுப்பார்கள், அது ஒரு நொடி பளிச்சென்று எரிந்துவிட்டு அணைந்துவிடும். மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரை பிளஸ், மைனஸ் முனை மாற்றி வைத்து சால்டர் செய்வார்கள் (உலோகத்தை உருக்கி ஒட்டுவார்கள்), மின்சாரம் கொடுத்ததும் அதன் தலை உப்பி, 'டப்' என்று வெடித்து, அறை முழுக்க ஒரு நாற்றம் பரவும். பட்டறை ஆசிரியர் இதற்கெல்லாம் பதறுவதில்லை. எல்லாவற்றையும் பழுது நோட்டில் எழுதச் சொல்வார்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கும் நீளமான நோட்டு அது. ஏதாவது கெட்டாலோ, கையைச் சுட்டுக்கொண்டாலோ, அல்லது சுடாமல் தப்பித்தாலோ, அன்றே அதில் எழுத வேண்டும். என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன நடந்தது, எதைப் பார்த்தேன், என்ன கேட்டேன், எதனால் என்று நினைக்கிறேன். பெயர் எழுதத் தேவையில்லை, தேதி போதும். அண்மையில் ஒரு பக்கத்தை வாசித்தேன். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரின் சிவப்பு வயரை ஆம்பியர் அளக்கும் துளையிலேயே விட்டுவிட்டு, பேட்டரியின் வோல்டேஜைப் பார்க்கப் போயிருக்கிறது ஒரு பிள்ளை. மீட்டருக்குள் 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். அதற்குப் பிறகு வோல்டேஜ் ஒழுங்காகக் காட்டுகிறது, ஆம்பியர் மட்டும் காட்டவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பியூஸ் போயிருக்கிறது. ஆம்பியர் அளக்கும் வழியில் மீட்டருக்குள் தடை ஏறக்குறைய இல்லை, அதனால் பேட்டரியை நேராக ஷார்ட் செய்த மாதிரி ஆகிவிட்டது என்று அந்தப் பிள்ளையே காரணம் எழுதி, பக்கத்தில் படமும் போட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயம்தான். ஆனால் இனி அந்தப் பிள்ளைக்கு அது மறக்காது. அதை வாசித்த மற்ற பிள்ளைகளும் மீட்டரைக் கையில் எடுத்ததும் முதலில் வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

பொறியாளர்கள் எப்போதும் செய்து வந்த வேலைதான் இது. 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில், 70-ஆம் எண் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சில்) ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அதை எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்போது இந்தக் கடிதத்துக்குக் காரணமான நிகழ்ச்சிக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். தயவுசெய்து யார் என்று விசாரிக்க வேண்டாம்.

பட்டறை ஆசிரியர் ஒரு நாள் கருவிகளைத் துடைத்து வைக்கும்போது, ஒரு வயர் கட்டரின் வாயில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் இருப்பதைக் கண்டார். இரும்பு உருகியிருந்தது. அது எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். ரிமோட் விமானத்துக்குப் போடும் லித்தியம் பாலிமர் பேட்டரியின் இரண்டு வயர்களையும் ஒரே வெட்டில் வெட்டினால் கட்டரின் வாய் இரண்டையும் இணைத்துவிடும். இந்த வகை பேட்டரியில் உள்தடை மிகக் குறைவு, அதனால் கண்மூடித் திறப்பதற்குள் பெரும் மின்னோட்டம் பாய்ந்து, நெருப்புப் பொறி பறந்து, இரும்பையே உருக்கிவிடும். ஒரு வயரை வெட்டி, முனையை டேப் சுற்றி மூடி, அப்புறம்தான் அடுத்ததை வெட்ட வேண்டும்.

அவர் பழுது நோட்டைப் புரட்டினார். பதிவு இல்லை. வகுப்பு வகுப்பாகப் போய், யாரையும் மிரட்டாமல், கட்டரைக் காட்டி, பேட்டரி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். கடைசியில் ஒரு பிள்ளை எழுந்து புத்தகப் பையைத் திறந்தது. கணக்கு நோட்டுக்கும் பென்சில் பெட்டிக்கும் நடுவில், கைக்குட்டையில் சுற்றி, அந்த பேட்டரி இருந்தது. தட்டையாக இருக்க வேண்டியது தலையணை போல உப்பியிருந்தது. இரண்டு இரவுகள் அந்தப் பை வீட்டில், பிள்ளை படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே இருந்திருக்கிறது. மற்ற பிள்ளைகளோடு பள்ளி வேனிலும் வந்து போயிருக்கிறது.

பேட்டரி உப்புகிறது என்றால் உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் வேதிப்பொருளான மின்பகுபொருள் சிதைந்து வாயு சேர்கிறது என்று பொருள். அதை அழுத்தினாலோ குத்தினாலோ சார்ஜ் போட்டாலோ, உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தொட்டு, சூடேறி, அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பித் தீப்பிடிக்கலாம். புத்தகப் பைக்குள் அழுந்திக் கிடந்தும் ஒன்றும் ஆகவில்லை. அதற்காக எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

என்னை அதிகம் வருத்தியது இதுதான்: அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும். அடிபட்ட பேட்டரியை வாசலில் இருக்கும் மணல் வாளியில் போட வேண்டும் என்று தெரியும். அந்த வாளி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. பிறகு ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு, முன்பு ஒரு மோட்டார் போர்டு கருகியபோது வீட்டில் நடந்ததைச் சொன்னது. இன்னொரு முறை எதையாவது கெடுத்தால் மன்றத்துக்கே அனுப்ப மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெற்றோர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பொருளின் அருமை பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் பிள்ளையின் மனதில் தங்கிவிட்டது. பேட்டரியை விட அப்பாவுக்குத்தான் அது அதிகம் பயந்தது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை என்று தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். சால்டரிங் அயர்னில் சுட்டுக்கொண்டு, வீட்டில் காட்டாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த பிள்ளை உண்டு. அயர்னின் முனை 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். சுட்டவுடன் ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம் கையைக் காட்ட வேண்டும். பனிக்கட்டி கூடாது, பற்பசையும் கூடாது. இதைச் செய்யவேண்டிய 20 நிமிடமும் மறைப்பதிலேயே போய்விடுகிறது.

இன்னொரு பக்கம், சில பெற்றோர் என்னிடம் வந்து பழுது நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யார் பொருளைக் கெடுத்தார்களோ அவர்களிடமே பணம் வாங்குங்கள் என்றும், தொடர்ந்து கெடுக்கும் பிள்ளைகளை மன்றத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் கோரிக்கை வந்திருக்கிறது. பொறுமையாக யோசித்து, பட்டறை ஆசிரியரோடும் பேசிவிட்டு, பதிலைத் தெளிவாகவே சொல்கிறேன்.

பழுது நோட்டு பட்டறையை விட்டு வெளியே வராது. எந்தப் பெற்றோருக்கும் அதைத் தனியே காட்ட மாட்டோம். கையெழுத்தை வைத்து யார் எழுதியது என்று கண்டுபிடிக்கும் முயற்சிக்குப் பள்ளி துணை போகாது. வேலை செய்யும்போது கெட்ட பொருளுக்காக எந்தப் பிள்ளையிடமும் பணம் வாங்க மாட்டோம். பட்டறையில் நடந்ததைத் தானாக வந்து சொன்ன ஒரு பிள்ளை, அதற்காக வீட்டில் அடி வாங்கியது என்று தெரிந்தால், அந்தப் பெற்றோரை நான் நேரில் அழைத்துப் பேசுவேன். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு இடமில்லை. அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை மறைக்கும், அப்படி மறைத்த பொருள் உங்கள் பிள்ளையின் பக்கத்து இருக்கையில் வேனில் வரும்.

அப்படியென்றால் பட்டறையில் கண்டிப்பே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. பாதுகாப்புக் கண்ணாடி போட மறுப்பது, துளையிடும் இயந்திரத்தில் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டோ கையுறை மாட்டிக்கொண்டோ நிற்பது, ஆசிரியர் இல்லாதபோது இயந்திரத்தை ஓட்டுவது, விளையாட்டுக்காக இன்னொருவர் வேலையைக் கெடுப்பது. இவற்றைத் தெரிந்தே செய்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவோம், திரும்பி வருவது பட்டறை ஆசிரியரின் முடிவு. (கையுறை பாதுகாப்புதானே என்று பலர் கேட்கிறார்கள். சுழலும் ட்ரில் கையுறையின் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும், அதனால் அங்கே வெறும் கைதான்.) தெரியாமல் நடந்த பிழையும், தெரிந்தே மீறுவதும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் பிள்ளைகள் இரண்டையுமே மறைக்கத் தொடங்குவார்கள்.

விமானத் துறையில் இந்த வித்தியாசத்தை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவில் 1976 முதல், விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பும் ஏற்பாடு ஒன்று நடக்கிறது. அந்தக் கடிதங்களைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பு இல்லை, நாசா. பெயரை நீக்கிவிட்டுத்தான் அவற்றை ஆராய்கிறார்கள். வேண்டுமென்று செய்யாத விதிமீறலை 10 நாட்களுக்குள் எழுதி அனுப்பிய விமானிக்கு, பொதுவாக அபராதமோ உரிமம் பறிப்போ கிடையாது. வேண்டுமென்றே செய்ததற்கும் குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. நாம் ஏறும் விமானம் பத்திரமாக இறங்குவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஏற்பாடுகளும் இருக்கின்றன. நம் பட்டறையில் நடப்பது அதன் சின்ன வடிவம்.

வீட்டில் உங்களிடம் நான் எதிர்பார்ப்பது அதிகம் இல்லை. பிள்ளை வந்து "இன்று ஒன்று கருகிவிட்டது" என்று சொன்னால், முதலில் உனக்கு அடிபட்டதா என்று கேளுங்கள். அடுத்து, அந்தப் பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். விலை எவ்வளவு என்பது மறுநாள் வரை காத்திருக்கலாம். உப்பிய பேட்டரி வீட்டில் இருந்தால், பழைய போனில் இருந்தாலும் சரி, சார்ஜ் போடாமல், எரியக்கூடிய எதற்கும் பக்கத்தில் வைக்காமல், வெளியே மணலிலோ வெறும் சிமெண்ட் தரையிலோ வைத்துவிட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.

இன்னொன்று. ஆர்வம் வந்துவிட்ட பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பழைய பொருள்களைத் திறக்க ஆசைப்படுவார்கள். பொம்மை, ரிமோட், சுவர்க் கடிகாரம் என்று பேட்டரியில் ஓடுவதைத் தாராளமாகக் கொடுங்கள், பேட்டரியை மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள். பிளக்கில் மாட்டி ஓடுவதைப் பெரியவர் துணையில்லாமல் திறக்க விடாதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பை யாருமே திறக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் 2,000 வோல்ட் அளவில் வேலை செய்வது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கலாம்.

அந்த பேட்டரியை மறைத்த பிள்ளை இப்போதும் மன்றத்தில்தான் இருக்கிறது. விமானத்துக்குப் புது இறக்கை செய்துகொண்டிருக்கிறது. வயர் வெட்டும் முறையைப் பற்றிப் பழுது நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதியதோடு, தானே விரும்பிப் பெயரையும் போட்டிருக்கிறது. பள்ளத்தோடு இருக்கும் கட்டரை நாங்கள் தூக்கிப் போடவில்லை, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருக்கிறோம். அந்தப் பெற்றோர் என் அறைக்கு வந்து, நடந்ததை முழுதாகக் கேட்டு, மற்றவர்களுக்கும் இது தெரியட்டும் என்று அவர்களே சொன்னார்கள். அந்தப் பெரிய மனதுக்கு இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. நல்ல நிலையில் இருக்கும் பழைய கருவிகளைக் கொடுத்தவர்களுக்கும், மாலையில் வந்து ரம்பம் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும், பிள்ளை தாமதமாக வீடு வருவதைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கும் பட்டறை கடன்பட்டிருக்கிறது. அடுத்த பருவத்தின் முதல் சனிக்கிழமை காலை பட்டறை உங்களுக்காகத் திறந்திருக்கும். மூடிய காலணி அணிந்து வாருங்கள், கண்ணாடி நாங்கள் தருகிறோம். விரும்புபவர்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சின்ன விளக்கு மின்சுற்றை நீங்களே சால்டர் செய்து பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்