ஏர்போர்ஸ்காரர் வீட்டிலிருந்து நன்றி

அன்பான உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பாவின் காரியம் நல்லபடியாக முடிந்தது. வந்த எல்லோரிடமும் நின்று பேச முடியவில்லை. வெளியூரிலிருந்து போனில் அழைத்து அழுதவர்களுக்கும் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அப்பா 1963-ல் விமானப்படையில் சேர்ந்தார். சீனப் போருக்குப் பிறகு நிறைய இளைஞர்கள் சேர்ந்த காலம் அது. தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் எஞ்சின் ஃபிட்டர் வேலை. அவர் கைபட்ட முதல் போர் விமானம் ‘நாட்’. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு மீட்டர்கூட வராது. ஏணி இல்லாமல் தரையில் நின்றபடியே பாதி வேலையை முடித்துவிடலாம் என்று பெருமையாகச் சொல்வார். பெங்களூரில் அரசு நிறுவனமான எச்.ஏ.எல். கட்டிய விமானம், 1965-லும் 1971-லும் தன்னைவிடப் பெரிய, பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதியது. அப்புறம் மிக்-21. ஓய்வு பெற்றதும் சூலூரில் மனை வாங்கியதற்குக் காரணம், அங்கே விமானதளம் இருந்தது என்பதுதான். மாடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டே, போவது ஏ.என்.-32 சரக்கு விமானமா, சாரங் சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டரா என்று சொல்லிவிடுவார். பார்த்ததையெல்லாம் நேரம், திசையோடு நோட்டில் எழுதி வைப்பார்.

காங்கேயம்பாளையம் பக்கம் விமானங்களைப் படம்பிடிக்கக் கேமராவோடு நிற்கும் தம்பிகளே, முதல் நன்றி உங்களுக்கு. 2024 ஆகஸ்டில் ‘தரங் சக்தி’ பயிற்சிக்காக ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் டைஃபூன் விமானங்களும் பிரான்சின் ரஃபேலும் சூலூருக்கு வந்தபோது, வாக்கரோடு இருந்த மனிதரை யார் கூட்டிப்போவது என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தோம். நீங்களே வண்டியோடு வந்தீர்கள். மடக்கு நாற்காலி போட்டு, குடை பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்டீர்கள். அதைவிடப் பெரிய உதவி, நீங்கள் அவரிடம் கேள்வி கேட்டது. போர் என்றால் பைலட்டின் கதையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். ஓடுபாதையில் ஒரு சின்னக் கல் கிடந்தால் எஞ்சினுக்கு என்ன ஆகும், வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும், விமானம் பறக்கத் தயார் என்று எஃப்-700 பராமரிப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது மனசில் என்ன ஓடும் என்று கேட்டவர்கள் நீங்கள்தான். அன்றிரவு அவர் தூங்கவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தார்.

பைலட் நிர்மல்ஜித் சிங் செக்கோனின் கதையை உங்களில் பலர் அப்பா வாயால் கேட்டிருப்பீர்கள். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர் தளத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது நாட் விமானத்தில் மேலே போய்ச் சண்டையிட்டு உயிர் கொடுத்தவர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். அப்பா இருந்தது வேறு ஸ்குவாட்ரன், அதாவது வேறு விமானப் பிரிவு. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு இடத்தில் நிறுத்துவார். “அந்தக் குளிர்ல வண்டி உடனே ஸ்டார்ட் ஆச்சு பாரு. அதை ரெடி பண்ணி வச்சவன் ஒருத்தன் இருக்கான்” என்பார். செக்கோன் இருந்த அதே 18-வது ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் தேஜஸ் விமானங்களோடு சூலூரிலேயே மறுபடி தொடங்கியபோது, ஊரடங்கில் வெளியே போக முடியாமல் மாடியிலிருந்தே சல்யூட் அடித்தார். எனக்கு அவரை நினைத்தால் முதலில் வருவது அந்த சல்யூட்தான்.

மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்த சிஸ்டர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்தார்கள். 1963-ல் படைக்கு வந்த விமானம், அப்பா சேர்ந்த அதே வருஷம். டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஒரு சிஸ்டர் தன் போனில் அதைப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டே நின்றார். கை வலித்திருக்கும். அம்மா தினமும் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறாள்.

முன்னாள் படைவீரர் நண்பர்களே, நீங்கள் வயசையும் முழங்கால் வலியையும் பார்க்காமல் பதக்கங்களை அணிந்து வந்து வரிசையில் நின்றீர்கள். பென்ஷன் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் யாரையும் பசியோடு விடவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டிய அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய அப்பாவும் ராணுவமாம்.

அப்பாவின் டூல் போர்டு பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையில் வரைந்து, அதனதன் இடத்தில் மாட்டியிருப்பார். ஒன்று குறைந்தாலும் வெற்றிடம் காட்டிக்கொடுத்துவிடும். விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்திருக்கும் எதிர்த்தெருப் பையனுக்கு அதை அப்படியே கொடுத்துவிட்டோம். அப்பாவே சொல்லிவைத்த ஏற்பாடு. நோட்டுகள் வீட்டில்தான் இருக்கின்றன. போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்தித் தருவதாகத் தம்பிகள் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கும் சேர்த்து நன்றி.

வருகிற டிசம்பர் 14 சாயங்காலம், அவர் இருந்தபோது கூடியது போலவே மாடியில் கூடுவோம். செக்கோனின் கதையை இந்த முறை அந்தப் பையன் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அம்மா போண்டா போடுவாள். எல்லோரும் வாங்க.

அன்புடன்,
அம்மா, நான், தங்கை, பேரப்பிள்ளைகள்
சூலூர்