தோட்டத்து வீட்டுக்குள் லைன் எடுக்கிறதா என்று அளந்து சொல்லுங்கள்

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அதிகாரிகளுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பட்டணத்தில் எந்தக் கைப்பேசிக் கடைக்குள் நுழைந்தாலும் சுவர் முழுக்க பிளான் விளம்பரங்கள்தான். எல்லாவற்றிலும் 5ஜி என்று பெரிய எழுத்து. பட்டணத்தில் இருப்பவர் விலையை ஒப்பிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். செம்பனைக்கு நடுவே லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழும் எங்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டுக்குள் எந்த கம்பெனியின் லைன் (சிக்னல்) எடுக்கும் என்று கடைக்காரருக்கும் தெரியாது. சிம் வாங்கிப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். எடுக்கவில்லை என்றால் ரீலோட் செய்த காசு போனதுதான்.

மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டுக்கு 5ஜி சேர்ந்துவிட்டதாக 2023 இறுதியில் அறிவித்தார்கள். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வீடுள்ள ஒரு லயத்தில் லைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த எண் அசையாது. அதை வைத்து நாங்கள் என்ன பிளான் எடுப்பது?

எங்கள் ஆட்கள் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 2021இல் அரசாங்கம் தொடங்கிய டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் நிறுவனம் போட்ட ஒரே 5ஜி வலையமைப்பைத்தான் கம்பெனிகள் எல்லாம் வாங்கி விற்றன. இரண்டாவது வலையமைப்புக்கு யூ மொபைல் கம்பெனி தேர்வானதே 2024 நவம்பரில்தான். ஆக, 5ஜி வேண்டும் என்று கம்பெனி மாறியவர்களுக்கு அதுவரை கிடைத்தது அதே டவர்தான். வித்தியாசம் இருப்பது 4ஜியில். அதற்குத்தான் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி வலையமைப்பு. தோட்டத்துக்காரர் ஒப்பிட வேண்டியது 4ஜியை, ஆனால் விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2021 இறுதியோடு 3ஜியும் நின்றுவிட்டது. 4ஜி மங்கும் இடத்தில் போன் 2ஜிக்கு இறங்கிவிடும். பேசலாம், ஆனால் பிள்ளையின் பள்ளிப்பாடம் இறங்காது, இ-வாலட் திறக்காது.

லைன் எடுக்கும் இடம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டியிருப்பதாலும் பயனில்லை. 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகாது, அடர்ந்த மட்டைகளும் தகரக் கூரையும் அதை இன்னும் மட்டுப்படுத்தும். 2019இல் பழைய அனலாக் டிவி நின்றதும் காலியான 700 மெகாஹெர்ட்ஸ் அலை அதைவிட வெகுதூரம் போகும். தோட்டங்களுக்கு அது எப்போது, எந்த டவரிலிருந்து வரும் என்பதைச் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும் போட்டு, லயத்து வீட்டின் உள்ளே நின்று, கம்பெனி வாரியாக 4ஜியையும் 5ஜியையும் தனித்தனியே அளந்து வெளியிடுங்கள். தமிழிலும் வெளியிடுங்கள். 'அன்லிமிடெட்' என்று விற்கும் பிளானில் வேகத்துக்கு வரம்பு இருந்தால் அதையும் ஹாட்ஸ்பாட் அளவையும் விலை எழுதிய அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில் மூன்று பிள்ளைகள் படிக்கிற வீடுகள் இங்கே உண்டு. அவர்களுக்கு விலையைவிட அந்த அளவுதான் முக்கியம். அப்புறம், வீட்டில் லைன் எடுக்காத புது சிம்முக்குச் சில நாட்களுக்குள் காசைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி போடுங்கள். நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2008இலிருந்தே இருக்கிறது, ஆனால் எதற்கு மாறுவது என்று தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்?

தோட்ட நிலம் தனியார் நிலம், டவர் வைக்க நிர்வாகம் சம்மதிக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அந்தப் பேச்சை ஒரு தொழிலாளி தொடங்க முடியாது, நீங்கள் தொடங்கலாம்.

அளக்க வரும்போது இரவு எட்டு மணிக்கு வாருங்கள். பகலில் எல்லாரும் வேலைக்காட்டில் இருப்பார்கள், லைன் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும்.

இப்படிக்கு,
தோட்டத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்