ஆண்டறிக்கை 2024–25: குளத்துச் சேறும் இறால் தலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இறால் வளர்ப்போர் சங்க உறுப்பினர்களே, உரக் குவியலைப் பார்ப்பதற்கென்றே வந்திருக்கும் தென்னை விவசாயிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். 2025 மார்ச் 31 நிலவரப்படி உறுப்பினர்கள் 41 பேர். இரண்டு பேர் பண்ணையைக் குத்தகைக்கு விட்டு விலகினார்கள், மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் இரண்டு முறை ஆள் போதாமல் டீயோடு முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். சரி, வாசிக்கவில்லை.

இந்த ஆண்டு சங்கம் உருப்படியாகச் செய்தது ஒரே வேலைதான். குளத்துக் கழிவையும் இறால் தலையையும் மக்க வைத்துப் பார்த்தோம். அறிக்கையின் மீதியெல்லாம் அதைப் பற்றித்தான்.

இது ஏன் தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். போன பொதுக்குழுவில் நடந்த சண்டையைப் பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. ஒரு குளத்தின் அடிச்சேற்றை வழித்துக் கரையோரம் கொட்டியதும், மழை அதை வாய்க்காலில் இறக்கியதும், நெல் போட்டவர்கள் திரண்டு வந்ததும் நமக்குப் புதிதல்ல. இந்த வேதாரண்யம் கரையில் இறால் பண்ணை என்றாலே தொண்ணூறுகளின் நினைவு வரும். சர்வோதயத் தலைவர்கள் ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் இறால் பண்ணைகளை எதிர்த்து நடத்திய போராட்டம், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, அப்புறம் 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் எல்லாம் நம்மில் மூத்தவர்கள் கண்ணால் பார்த்தவை. அன்று நாம் எதிர்த்தரப்பில் இருந்தோம். ஆனால் வாய்க்காலில் கறுப்புத் தண்ணீர் விட்டதற்கு நம்மிடம் நியாயம் எதுவும் இருக்கவில்லை. இதைச் செயலாளராகவே பதிவு செய்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் பிறகு பேசலாம்.

இன்னொரு காரணம், காசு. ஒரு கிலோ வனாமி இறால் எடுக்க ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை தீவனம் போடுகிறோம். தீவனத்தில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) இறால் உடம்பில் சேர்வது ஏறக்குறைய கால் பங்குதான். மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) அதுகூடச் சேராது. மீதி தண்ணீரிலும், தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் சுழற்றி நடுக்குளத்தில் குவிக்கும் அந்தக் கறுப்புச் சேற்றிலும் நிற்கிறது. அறுவடையான இறால் தலையும் ஓடும் உரிக்கிற பீலிங் ஷெட்டுக்குப் போனால் அங்கேயும் எடையில் பாதிக்குக் கிட்ட தலையும் ஓடுமாகக் குப்பைக்குப் போகிறது. தீவன பில்லைக் கட்டிவிட்டு, அதில் பெரும்பங்கைக் கொட்ட இடம் தேடி அலைகிறோம். தென்னந்தோப்புக்காரரோ அதே சத்துக்காக டிஏபி உர மூட்டைக்கு வரிசையில் நிற்கிறார்.

முதல் குவியலை மே மாதம் போட்டோம். அதைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சும்மா கிடைக்கிறதே என்று உமியைக் கொண்டுவந்து இறால் தலையோடு கலந்தோம். உமி ஈரத்தை உறிஞ்சாது, சீக்கிரம் மக்கவும் மக்காது. மூன்றாம் நாள் அடியிலிருந்து காப்பி டிகாக்ஷன் போல ஒரு நீர் கசிந்து ஓடியது. ஐந்தாம் நாள் குவியல் முழுவதும் புழு நெளிந்தது. நாய் ஒரு பக்கம் தோண்ட, காக்கை மறுபக்கம் இழுக்க, நாற்றம் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டது. தெற்குத் தெருப் பாட்டி ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். "ஏன் தம்பி, பொணம்னா குழி வெட்டிப் பொதைப்பீங்க. இத மட்டும் ஏன் ஊரு பாக்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. அன்று சாயங்காலமே குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம்.

தப்பு எங்கே என்று விசாரித்ததில் தெரிந்தது கணக்குதான். குவியல் நன்றாக வேக வேண்டுமானால் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து (கார்பன்) இருக்க வேண்டும். மீன், இறால் கழிவில் அது நாலைந்து பங்குதான். மிச்சமாகும் தழைச்சத்து அமோனியாவாகிக் கண்ணை எரிக்கும், உரமும் காற்றில் போய்விடும். ஈடுகட்டக் கரிச்சத்து மிகுந்த, ஈரம் குடிக்கிற ஏதாவது வேண்டும். அது நம் காலடியிலேயே கிடந்தது. கயிறு மில்களுக்கு வெளியே மலை மலையாகக் கிடக்கும் தென்னை நார்த்தூள்தான் அது. அதில் அந்தக் கணக்கு நூற்றுக்கு மேல். தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும்.

ஜூலையில் இரண்டாவது குவியல். அடியில் ஓரடிக்கு நார்த்தூள், அதன்மேல் நான்கு விரல் கனத்துக்கு இறால் தலை, அப்புறம் ஒரு சாண் நார்த்தூள் என்று மாற்றி மாற்றி நெஞ்சளவு உயரத்துக்கு ஏற்றினோம். கூடைக் கணக்கில் கழிவு ஒன்றுக்கு நார்த்தூள் மூன்று. கடைசியில் ஓரடி நார்த்தூளால் போர்த்தி மூடினோம். அந்த மூடாக்குதான் ஈயையும் நாயையும் தடுத்தது. ஈரம், கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் துளிர்க்க வேண்டும், சொட்டக் கூடாது.

மூன்றாம் நாள் விடியற்காலை குவியலின் உச்சியில் ஆவி பறந்தது. நடுவில் செருகி வைத்த இரும்புக் கம்பியை உருவிய உறுப்பினர் கை சுட்டுக் கீழே போட்டுவிட்டார். நான்காம் நாள் தெர்மாமீட்டர் 58 டிகிரி, ஆறாம் நாள் 63. மூன்று முறை புரட்டினோம். ஓரம் நடுவுக்கும் நடு ஓரத்துக்கும் வந்தால்தான் எல்லாம் வேகும். உரம் பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க 45ஆம் நாள் ஒரு தொட்டியில் அள்ளிப் போட்டுப் பச்சைப்பயறு ஊன்றினோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. 90ஆம் நாள் ஊன்றியது தொட்டி நிறைய எழுந்து நின்றது. உரத்தில் மண் வாசம் வந்தது. ஓடுகள் மட்டும் கண்ணாடிச் செதில் போல ஆங்காங்கே மினுங்கின, விரலில் நசுக்கினால் தூளாயின. ஓட்டில் இருக்கும் கைட்டின் மெதுவாகத்தான் மக்கும். அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகினால் வேரைத் தாக்கும் நூற்புழு முட்டையின் மேலோட்டையும் விட்டு வைக்காது என்கிறார்கள். காய்கறிப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு இது உபயோகப்படும். ஓட்டிலுள்ள சுண்ணாம்பால் ஏற்கெனவே களர் தட்டிய நிலத்துக்குப் பெரிய லாபமில்லை. தென்னை மிகுதியாகக் கேட்பது சாம்பல் சத்து (பொட்டாசியம்), அதற்கு இந்த உரத்தை மட்டும் நம்ப வேண்டாம். விறகுச் சாம்பல் சேர்த்துப் போடுங்கள்.

இறால் தலையில் ஜெயித்தோம். குளத்துச் சேற்றில் இன்னும் ஜெயிக்கவில்லை, காரணம் உப்பு. காய்ந்த சேறு ஒரு பங்கு, நல்ல தண்ணீர் ஐந்து பங்கு ஊறவைத்து, குளத்துத் தண்ணீரின் உப்பை அளக்க வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டரிலேயே பார்த்தோம். 6 பிபிடி, அதாவது ஆயிரத்தில் ஆறு பங்கு உப்பு. மக்க வைத்தாலும் உப்பு எங்கும் போவதில்லை, குவியல் சுருங்கச் சுருங்க அடர்த்திதான் கூடும்.

இதற்கு வழி காட்டியது ஒரு மறதி. தார்ப்பாய் போட்டு மூடச் சொன்ன சேற்றுக் குவியல் ஒன்றை யாரும் மூடவில்லை. (யார் பொறுப்பு என்பது இந்த அறிக்கைக்குத் தேவையில்லை, அவருக்கே தெரியும்.) நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கு முன் பெய்த மழை முழுவதையும் அது வாங்கியது. ஜனவரியில் எடுத்துப் பார்த்தால் ரிஃப்ராக்டோமீட்டரில் கோடு பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை. உப்போடு கரையக்கூடிய தழைச்சத்தும் கொஞ்சம் போயிருக்கும், மணிச்சத்து மண்ணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். ஆனால் கழுவிய அந்தத் தண்ணீர் எங்கே போனது? வாய்க்காலுக்குத்தான். எனவே இனி சேற்றுக் குவியலைக் கழிவுநீர்த் தேக்கத்தின் உள்கரையில் மட்டுமே போட வேண்டும், வடிவது தேக்கத்துக்கே இறங்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கழுவிய சேறும் முதலில் தென்னைக்குத்தான், மல்லிகைக்கு வேண்டாம். தென்னை உப்பைத் தாங்கும், உப்பிலுள்ள குளோரைடு அதற்கு வேண்டிய சத்தும்கூட.

நோய் கண்ட குளம் பற்றி ஒரு கண்டிப்பு. வெள்ளைப்புள்ளி வைரஸ் 60 டிகிரியில் ஒரு நிமிடம் தாங்காது என்பது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. குவியலின் ஓரம் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. இறாலின் வளர்ச்சியைக் கெடுக்கும் இஎச்பி என்ற ஒட்டுண்ணியின் வித்துக்கள் அதைவிடப் பிடிவாதமானவை. ஆகவே நோய்க் குளத்தின் செத்த இறாலோ சேறோ பொதுக் குவியலுக்கு வரக் கூடாது. பிளீச்சிங் பவுடர், சுட்ட சுண்ணாம்பு, குழி என்ற பழைய வழிதான்.

கஜா புயலுக்குப் பிறகு நட்ட தோப்பு ஒன்றில் 12 மரங்களுக்கு, மரத்துக்கு 25 கிலோ வீதம் வட்டப்பாத்தியில் இந்த உரத்தைப் போட்டிருக்கிறோம். பக்கத்து வரிசைக்குப் போடவில்லை. தோப்புக்காரர் போன வாரமே "மட்டை பச்சை ஏறியிருக்கு" என்றார். அவர் நல்ல மனசுக்காரர். தென்னையில் காய் எண்ணிப் பார்த்துச் சொல்ல இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை சங்கம் எந்தப் பெருமையும் பேசப் போவதில்லை.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு விஷயங்கள் வைக்கிறேன். ஒன்று, நார்த்தூள் ஏற்றிவர டிராக்டர் வாடகை. மற்றது, குவியல் புரட்ட ஆள். மூன்று முறை புரட்டியதில் இரண்டு முறை அதே நான்கு பேர்தான் மண்வெட்டி பிடித்தார்கள், மற்றவர்கள் வரப்பில் நின்று போட்டோ எடுத்தார்கள். பீலிங் ஷெட்டில் அடுத்த லோடு வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வியாழன் இரவுக்குள் நார்த்தூள் இறங்கியிருக்க வேண்டும். யார் வருகிறீர்கள் என்று இந்தக் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுங்கள். தெர்மாமீட்டரைக் கடைசியாக எடுத்துப் போனவர் தயவுசெய்து திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்