டிஆர்என்ஏ மரபணுக்கள் நீக்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டன

ஆசிரியருக்கு,

செயற்கை ஈஸ்ட் ஜீனோம் (முழு மரபணுத் தொகுதி) பற்றி அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ‘உபரியான டிஆர்என்ஏ மரபணுக்கள் நீக்கப்பட்டன’ என்ற வரியைத் திருத்த வேண்டும். புரதம் உருவாகும்போது அமினோ அமிலங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் சிறு மூலக்கூறே டிஆர்என்ஏ. குரோமோசோம்களிலிருந்து எடுக்கப்பட்ட 275 மரபணுக்களும், ஏறத்தாழ 1,90,000 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள தனிக் குரோமோசோம் ஒன்றில் மறுபடி வைக்கப்பட்டன. 2023இல் வெளியான அந்த வேலையின் சிறப்பே இதுதான்.

ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? டிஆர்என்ஏ மரபணுக்கள் குரோமோசோமின் பலவீனமான இடங்கள். பெரும்பாலானவை 70 முதல் 90 எழுத்து நீளம்தான். என்றாலும் ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 என்ற நொதி அங்கே ஓயாமல் மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கிறது. அதற்குத் துணையான புரதங்கள் டிஎன்ஏவை இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. செல் பிரியும் முன் டிஎன்ஏ இரட்டிப்பாகும்போது, படியெடுப்புக்கு எதிர்த்திசையில் வரும் இரட்டிப்புக் கவை (டிஎன்ஏவின் இரு இழைகளும் பிரியும் முனை) இந்தப் புரதத் திரளில் முட்டி நின்றுவிடுகிறது. டிஎன்ஏ இழைகளைப் பிரிக்கும் ஆர்ஆர்எம்3 என்ற ஹெலிகேஸ் நொதிதான் கவையைத் தாண்டவைக்கிறது. அது இல்லாத ஈஸ்டில் தேக்கம் மிகும். நின்ற கவை உடைந்தால் குரோமோசோமும் உடையும்.

இன்னொரு தொல்லை டிஒய்1 என்ற தாவும் மரபணு, அதாவது ஜீனோமின் புதிய இடங்களில் தன் பிரதியைச் செருகும் துண்டு. சுமார் 6,000 எழுத்து நீளமுள்ள இது, டிஆர்என்ஏ மரபணுவுக்கு முன்னால் சில நூறு எழுத்துத் தொலைவுக்குள்ளேயே பெரும்பாலும் குடியேறுகிறது. அதை டிஎன்ஏவில் செருகும் இன்டக்ரேஸ் நொதி, பாலிமரேஸ் 3இன் ஏசி40 என்ற பகுதியைப் பற்றிக்கொண்டு வந்து சேர்வதே காரணம். புரதம் தரும் மரபணுக்கள் இதனால் சேதமின்றித் தப்புகின்றன என்பது உண்மை. ஆனால் வெவ்வேறு குரோமோசோம்களில் ஒரேமாதிரியான டிஒய்1 பிரதிகள் சேரும்போது, அவற்றுக்கிடையே மறுசேர்க்கை நடந்து குரோமோசோம் துண்டுகள் இடம் மாறிவிடுகின்றன. புதிய குரோமோசோமை வடிவமைத்தவர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுத்தார்கள். மரபணுக்களின் திசையைக் கவையின் திசையோடு ஒத்துப்போக வைத்தார்கள். மறுசேர்க்கையைக் குறைக்க, மரபணுக்களின் இருபுறமும் உள்ள வரிசைகளை உறவுக்காரப் பூஞ்சைகளிலிருந்து எடுத்தார்கள். அப்படியும் அந்தச் செல்கள் தாமாகவே குரோமோசோம் தொகுதியை இருமடங்காக்கிக்கொண்டன.

‘உபரி’ என்ற சொல்லும் பொருந்தாது. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்துக்கான, சிசியு ஆன்டிகோடான் (மரபணுச் செய்தியைப் படிக்கும் மூன்றெழுத்து) கொண்ட டிஆர்என்ஏவுக்கு ஈஸ்டில் ஒரே ஒரு மரபணுதான். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் அதை நீக்கியதும் வளர்ச்சி மந்தமானது. ஏறத்தாழ 200 தலைமுறைகளில் வேகம் திரும்பியது. அதே ஆர்ஜினைனுக்கான, யுசியு ஆன்டிகோடான் கொண்ட டிஆர்என்ஏ மரபணுவின் 11 பிரதிகளில் ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறி, அது சிசியு ஆகியிருந்தது. மற்ற பத்தும் பழைய வேலையைத் தொடர்ந்து பார்த்தன. பிரதிகள் பல இருந்ததால்தான் ஒன்று மாற முடிந்தது. 2013இல் வெளியான இந்த முடிவைப் பள்ளிப் பாடத்திலேயே சேர்க்கலாம்.

பாக்டீரியா ஜீனோம்களைக் கையாளும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. நோய் உண்டாக்கும் மரபணுத் தீவுகள் (வெளியிலிருந்து ஒன்றாக வந்து சேர்ந்த மரபணுக் கூட்டங்கள்) பலவும் டிஆர்என்ஏ மரபணுவை ஒட்டியே நுழைகின்றன. வயிற்றுப்போக்கு தரும் சில ஈ. கோலை வகைகளில் அந்த இடம் செல்சி என்ற டிஆர்என்ஏ மரபணு. ஆகவே முதலில் டிஆர்என்ஏ மரபணுக்களைக் குறித்துவிட்டு, அருகே இன்டக்ரேஸ் மரபணு உண்டா என்று பாருங்கள். பிறகு, டிஆர்என்ஏவின் 3' முனை வரிசை சில ஆயிரம் முதல் பல பத்தாயிரம் எழுத்து தள்ளி மறுபடி வருகிறதா என்று தேடுங்கள். வந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ளது வெளியிலிருந்து வந்த துண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படித்த குட்டை வாசிப்புகளைக் கொண்டு மட்டும் ஜீனோமைக் கோத்தால், ஒரேமாதிரியான பிரதிகள் ஒன்றாக மடிந்து எண்ணிக்கை குறைவாகத் தெரியும். நீள வாசிப்புகளோடு ஒப்பிட்ட பிறகே எண்ணிக்கையை எழுதுங்கள்.

கட்டுரையின் இணையப் பதிப்பிலாவது ‘நீக்கப்பட்டன’ என்பதை ‘தனிக் குரோமோசோமுக்கு மாற்றப்பட்டன’ என்று திருத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்.

– மூலக்கூறு உயிரியல் ஆசிரியர்கள் சிலர்