ஆறே வாரத்தில் பழசாகிப்போன படம்

அன்புள்ள கதிருக்கு,

நீ சொன்ன 'ஒய்2கே' படத்தைப் பார்த்துவிட்டேன். 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் அதை 1900 என்று தப்பாக எண்ணி முடங்கிவிடும் என்ற பயத்தை வைத்து எடுத்த படம். 1999 நவம்பர் 21 அன்று அமெரிக்காவில் என்.பி.சி. சேனலில் வந்தது. ஜனவரி 1 விடிந்ததும் கதை கந்தல்! ஊரே இருளில் மூழ்க, அணு உலையை ஒரே ஒரு ஹீரோ ஓடி ஓடிக் காப்பாற்றுகிறார். நானும் சிரித்தேன். ஜனங்கள் பீதியடைவார்கள் என்று பயந்து, படத்தைப் போடாதீர்கள் என்று மின் நிறுவனங்கள் கேட்டுக்கொண்டனவாம்.

ஆனால் "ஒன்றுமே நடக்கலையே, சும்மா கிளப்பிவிட்டாங்க" என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வருடம் சென்னையில் எங்கள் ஆபீசில் ஒரு தளம் முழுக்க இதே வேலைதான். கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் யாரோ எப்போதோ எழுதிய புரோகிராம்களில், வருடத்துக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கிய இடங்களைத் தேட வேண்டும். பெயரில் 'டேட்' என்று இருந்தால் சுலபம். எழுதிய மகராசன் 'எக்ஸ்1' என்று வைத்துவிட்டுப் போயிருந்தால் தாவு தீர்ந்துவிடும். நான்கு இலக்கமாக மாற்ற அவகாசம் இல்லையென்றால், 50க்குக் கீழே இருப்பது 2000த்தைச் சேர்ந்தது, மற்றதெல்லாம் 1900 என்று ஒரு வரி எழுதி ஒப்பேற்றுவோம். இதில் ஹீரோவுக்கு ஏது வேலை? டீயும் பிரிண்ட் அவுட்டும்தான்.

அப்படியும் சில இடங்கள் எங்கள் மாதிரி ஆட்களின் கண்ணில் படாமல் தப்பின. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடியோ கடையில், கேசட்டைத் திருப்பித் தர நூறு வருடம் தாமதம் என்று கணக்குப் போட்டு, 91,250 டாலர் அபராதம் காட்டியது கம்ப்யூட்டர். அது வேடிக்கை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் நடந்தது வேடிக்கை இல்லை. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு வர வாய்ப்பு உண்டா என்று பார்க்கும் பரிசோதனையில் தாயின் வயதைத் தப்பாகக் கணக்கிட்டதால், 154 கர்ப்பிணிகளுக்குத் தவறான முடிவு போயிருக்கிறது. மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. வெடிப்பும் இல்லை, சத்தமும் இல்லை; எந்த டைரக்டர் இதைப் படமாக எடுப்பார்?

அடுத்தது 2038 ஜனவரி 19. 32 பிட்டில், அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களில், நொடிகளை எண்ணும் கம்ப்யூட்டர் கடிகாரங்கள் அன்றைக்கு நிரம்பி, 1901க்குத் திரும்பிவிடும். அதற்கும் ஒரு படம் வராமலா போகும்? அப்புறம், உங்கள் பிளாண்டில் மெஷின்களை இயக்குகிற பழைய கன்ட்ரோலர்கள் எத்தனை பிட் என்று பார்த்து எழுது. மாற்ற வேண்டியிருந்தால் பட்ஜெட்டுக்கு இப்போதே கேட்டு வை, கடைசி நேரத்தில் தர மாட்டார்கள்.

அன்புடன்,
அம்மா