ஞாயிறு வாசிப்புக் கூட்டம்: பசியும் உணர்ச்சியும்

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 4.30 மணிக்கு வேலூர் கோட்டைப் பூங்காவில் கூடுகிறோம். மழை வந்தால் என் வீட்டு மாடி.

உணர்ச்சி மனத்துக்குள் மட்டும் இருப்பதன்று, மனிதர்களுக்கிடையே சுற்றிவருவது. சில உடல்கள்மீது அது ஒட்டிக்கொள்கிறது என்று 2004-இல் பெண்ணியக் கோட்பாட்டாளர் சாரா அகமது எழுதினார். பசியையும் அப்படிப் பார்க்கலாமா என்பதே கேள்வி. வயிறு அவரவருடையது, பசித்தவனின் வெட்கமோ பார்ப்பவர் தருவது. மணிமேகலையில் பசிப்பிணி ‘நாண் அணி களையும்’ (நாணம் என்னும் அணிகலனைப் பறிக்கும்) என்று வருவதை நாம் மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கினோம், யோசிக்கவில்லை.

1. மணிமேகலையில் பாத்திரம் பெற்ற காதையைப் படித்து வாருங்கள். உரையுடன் போதும்.
2. 1876–78 பஞ்சம் வேலூர் அடங்கிய அன்றைய வட ஆர்க்காட்டையும் வாட்டியது. நிவாரண வேலைக்கு ஒருநாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள். அந்த அளவை எந்த உணர்ச்சி அனுமதித்தது? ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம்.
3. பஞ்சம் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதை இருந்தால் எழுதிக் கொண்டுவாருங்கள். இதுதான் எனக்கு முக்கியம். கோட்பாட்டை அடுத்த மாதமும் பேசலாம்.
4. சுண்டல் என் பொறுப்பு. பசியைப் பற்றிப் பேசும்போது தின்பதா என்று போன முறையே ஒருவர் கேட்டார். தின்போம்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று எழுதுங்கள். கட்டைவிரல் படம் போட்டால் கணக்கில் சேராது. எத்தனை பேருக்குக் கடலை ஊறவைப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும்.