கடையை மூடினால் போதாது, படுக்கையும் வேண்டும்

ஆசிரியருக்கு,

2023 ஜூன் 22 முதல் 500 டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டதை வரவேற்கிறேன். ஆனால், பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாள்களுக்குள் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதையும் அரசு கருத வேண்டும். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்ட என் மைத்துனர், மூன்றாம் நாள் இரவு சுவரெங்கும் பூச்சி ஊர்வதாகக் கதறினார். பேய் பிடித்ததென்றே வீட்டில் நம்பினோம். வாடகை வண்டியில் இரண்டு மணி நேரம் பயணித்து, அரசு மருத்துவமனையில் ஐந்து நாள் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் பெற்ற பிறகே தெளிந்தார்.

வட்ட அரசு மருத்துவமனைதோறும் குடிமீட்புக்கென நான்கு படுக்கைகளேனும் ஒதுக்கி, வீடு திரும்பியவர்களுக்கு மாதந்தோறும் ஆலோசனையும், குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்தும் இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்